ஒற்றைக் கதிரை

திறந்தவெளியில் பாட்டுக் கேட்கப் போகிறவர்கள் கைபிடி வைத்த மடக்குக் கதிரையாகப் பார்த்து வாங்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் நாள் தோள் விறைத்துவிடும். உங்களுக்கும் உதவும், ஒபிசர்.

என் பெயர் அகஸ்ரின். மிசிசாகாவில், விமான நிலையத்தில், இருபத்தொன்பது வருடம் பெட்டி ஏற்றி இறக்கினேன். கூட வேலை செய்த மரியோவின் வாகனத்தில்தான் முதன்முதல் புளூகிராஸ் கேட்டேன். பான்ஜோ, வயலின், மாண்டலின், ஒரு கிற்றார், மேளம் கிடையாது. அமெரிக்க மலைப்பக்கத்துச் சனங்கள் சாவையும் பிரிவையும்கூட, கேட்பவன் கால் தாளம் போடுகிற மாதிரிப் பாடுவார்கள். அதற்குப் பிறகு வேறு பாட்டு எனக்கு ஏறவில்லை.

என் மனைவி றோசலினுக்கு அது பிடிக்காது. "உதென்ன, தகர ரின்னுக்குள்ள கல்லைப் போட்டுக் குலுக்கிற மாதிரி" என்பாள். நான் மறுத்துப் பேசுவதில்லை. ஒவ்வொரு ஓகஸ்ற்றிலும் ரொறன்ரோவுக்கு வடக்கே, இரண்டு மணிநேர ஓட்டத்தில், ஒரு பண்ணை வெளியில் மூன்று நாள் விழா நடக்கும். தனியாகப் போய்வருவேன். வருடத்தில் எனக்கென்று இருந்தது அவ்வளவுதான்.

இந்த முறை, வெள்ளிக்கிழமை காலை, நான் கூலருக்குள் ஐஸ் போட்டுக்கொண்டிருந்தபோது றோசலின் வந்து நின்றாள். தலையில் புதுத் தொப்பி.

"இஞ்சேருங்கோ, இந்த முறை நானும் வாறன். அப்பிடி என்னதான் இருக்கெண்டு பாப்பம்."

"உனக்குக் கதிரை இல்லையே" என்றேன்.

"பேஸ்மென்ற்றில ஒண்டு கிடக்கு. எடுத்துக்கொண்டு வாறன்."

படியில் விழுந்தாள். இடுப்பு முறிந்திருக்க வேண்டும், எழும்ப முடியவில்லை. நினைவு மட்டும் தெளிவாக இருந்தது. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு, "அம்புலன்சுக்கு அடியுங்கோ" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். எமர்ஜென்சியில் எவ்வளவு நேரம் காக்க வைப்பார்கள் என்பது உங்களுக்கே தெரியும். முதலாவது குழு இரண்டு மணிக்கு மேடை ஏறுகிறது. அதனால் தலைக்கு ஒரு தலையணை வைத்தேன். கைக்கு எட்டுகிற இடத்தில் ஒரு போத்தல் தண்ணீர். அவளுடைய போன் நிலத்தில் கிடந்தது; மிதிபட்டுவிடும் என்று மேலே கொண்டுபோய்க் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். கூப்பிடுகிற சத்தம் பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது. பேஸ்மென்ற் கதவைச் சாத்தினேன்.

விழா நன்றாக இருந்தது. சனிக்கிழமை தூறல் விழுந்தும் ஒருவரும் எழும்பவில்லை. ஒரு வயதான பெண், இறந்துபோன கணவனை நினைத்துப் பாடினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவிமேல் அன்பில்லாதவன் அந்தப் பாட்டுக்கு அழுவானா?

அன்று மத்தியானம் விட்பியிலிருந்து மகள் நதீஷா போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, அம்மா ஏன் போன் எடுக்கிறா இல்ல? ஷீ ஓகேயா?"

"அம்மா படுத்திருக்கிறா, பிள்ளை."

இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

ஞாயிறு மாலை, கடைசிப் பாட்டும் முடிந்த பிறகே புறப்பட்டேன். றோசலினுக்கு அன்று விடியும்வரை உயிர் இருந்ததாக டாக்டர் சொல்கிறார். தண்ணீர் முழுவதையும் குடித்திருந்தாள். தாகத்தோடு போகவில்லை என்பதில் எனக்கு ஓர் ஆறுதல்.

நீங்கள் மூன்றாவது தடவையும் அந்தப் படியைப் பற்றியே கேட்கிறீர்கள். சரி, எழுதிக்கொள்ளுங்கள். அவள் தவறி விழவில்லை. முதுகில் கை வைத்து நான்தான் தள்ளினேன். கோபத்தில் செய்தது என்று மட்டும் எழுத வேண்டாம். முப்பத்தேழு வருடத்தில் நான் றோசலினோடு ஒரு நாளாவது கோபித்ததில்லை.