ஏணிச் சத்தம் விழாத பாட்டு

குளிரில் டேப் ரெக்கார்டரின் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் என் கோட்டுப் பையில் எப்போதும் கூடுதலாக ஒரு செட் இருக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் எப்படியும் கேட்பீர்கள்.

லின்னேயாவும் நானும் சேர்ந்துதான் அந்த ஆல்பத்தைச் செய்தோம். பாட்டு அவளுடையது, பதிவு என்னுடையது. பாட்டு என்றா சொன்னேன், அவள் எழுதியதெல்லாம் கதைகள். கலங்கரை விளக்கக் காவலாளியின் மனைவி, கடலோடு போன மாலுமிகளுக்குக் கடிதம் எழுதுவாள். நாலு நிமிஷத்தில் ஒரு நாவல் முடிந்துவிடும். தொண்ணூற்று மூன்றில் வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பியாவில் வீட்டுக்கு வீடு நிலவறையில் ஒரு இசைக்குழு இருந்தது. எங்கள் எல்லோருக்கும் ஒரே விதி: முதல் தடவை பாடியதுதான் பாட்டு. இருமினால் இருமலும், நாய் குரைத்தால் நாயும் டேப்பில் இருக்க வேண்டும். மெருகேற்றுகிறவனை நாங்கள் மனுஷனாகவே மதிக்கவில்லை.

கடைசிப் பாட்டுக்காக, ராணுவம் கைவிட்ட ஒரு நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியைக் கண்டுபிடித்தேன். ஒரு சொல் சொன்னால் முக்கால் நிமிஷம் சுற்றிவரும். அடியில் முழங்காலளவு தண்ணீர், நவம்பர் மாதத்துத் தண்ணீர். மைக்கைக் கயிற்றில் தொங்கவிட்டு, அவளை இறக்கி, ஏணியை மேலே இழுத்துக்கொண்டேன். வழக்கமாகச் செய்வதுதான். ஏணி சுவரில் தட்டினால் டேப்பில் விழும்.

அருமையாகப் பாடினாள். முடித்துவிட்டுக் கீழிருந்தே சொன்னாள்:

“டெல், கோவிச்சுக்காதடா. சியாட்டில்ல ஒருத்தர் நல்ல ஸ்டுடியோ தர்றாராம். எல்லாத்தையும் முதல்லேர்ந்து திரும்பப் பாடிடலாம். இந்த டேப்பெல்லாம் குப்பைக்குத்தான்.”

இரண்டு வருஷ வேலை அது. ரெக்கார்டரின் முள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு மேலே உட்கார்ந்திருந்தேன்.

“விளையாடாதடா, கால் மரத்துப் போச்சு. ஏணிய இறக்கு.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். டேப் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஏணியைத் தொடவில்லை, அவ்வளவுதான். ஒருவரைத் தள்ளிவிடுவது வேறு, ஒரு பொருளைத் தொடாமல் இருப்பது வேறு. பேட்டரியை ஒரு முறை மாற்றினேன். கேசட்டை இரண்டு முறை மாற்றினேன்.

அவள் குரல் நின்ற பிறகு ஏணியை உள்ளே போட்டேன். ஏணியின் கொக்கி துருப்பிடித்து நழுவிவிட்டது, ஆள் தேடி ஓடினேன் என்று ஷெரீஃபிடம் சொன்னேன். அவளுடைய அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்தது, அது பொய்யில்லை.

ஆல்பம் வெளிவந்தபோது அதன் கடைசி ஒன்பது நிமிஷத்தை, சொல்லே இல்லாத புலம்பல் என்று விமர்சகர்கள் கொண்டாடினார்கள். சொல் இருந்தது. நான் மேலே ஏற்றிய மூன்று கிட்டார்களுக்கு அடியில் இருந்தது. போன மாதம் மறுவெளியீட்டுக்காக யாரோ ஒரு பெண் அந்தக் கிட்டார் இரைச்சலை நீக்கியிருக்கிறாள். “ஏணிய இறக்கு” தனியாக வெளியே வந்துவிட்டது. நீங்களும் போலீஸ் பேட்ஜோடு வந்துவிட்டீர்கள். மெருகேற்றப் போனால் இப்படித்தான் ஆகும்.

நான் விதியை மீறியவன் இல்லை. முதல் தடவை பாடியதை அப்படியே வைத்தேன், மூச்சுச் சத்தத்தைக்கூட எடுக்கவில்லை. கடைசியில் அவள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், பதினேழு தடவை. அதை மட்டும் அழித்தேன். பாட்டுக்குப் பொருந்தவில்லை.