குன்றுக்குப் புள்ளி கிடையாது

– அப்ப குன்றைப் பிடிச்சதுக்கு எனக்கு எத்தனை புள்ளி மாப்பிள்ளை?

– ஒண்ணும் கிடையாது மாமா.

– விளையாடாதீங்க. ரெண்டு பட்டாளத்தைப் பலி குடுத்து மேல ஏறிக் கொடி நட்டிருக்கேன். உங்க காலாட்படையில பாதி காலி. அதுக்கு ஒண்ணுமே இல்லையா?

– வெட்டினதுக்கு இந்த ஆட்டத்துல புள்ளி இல்ல மாமா. ஆரம்பத்துலயே விதியெல்லாம் படிச்சுக் காட்டினேன். நீங்கதான் பிஸ்கெட் டப்பாவைத் திறக்க மல்லுக்கட்டிக்கிட்டிருந்தீங்க.

– இரும்புக்கடைக்காரன் மாப்பிள்ளை நான். சரக்கைக் கையில எடுத்துப் பார்த்தாத்தான் எனக்குப் புரியும். படிச்சுக் காட்டினா தூக்கம்தான் வரும். இன்னொரு தடவை சொல்லுங்க.

– இது அந்தக் காலத்துச் சண்டை. நீலப்படை தோத்து ஓடுது, அது நான். சிவப்புப்படை துரத்துது, அது நீங்க. எங்கிட்ட அஞ்சு மூட்டை வண்டி இருக்கு. ஒரு வண்டி பாலத்தைத் தாண்டினா எனக்கு ஒரு புள்ளி. நீங்க மறிச்சுப் பிடிச்சா உங்களுக்கு ஒண்ணு. மூணு புள்ளி முதல்ல எடுக்கறவர் ஜெயிச்சார். அவ்வளவுதான் ஆட்டம்.

– குன்று?

– குன்று சும்மா இருக்கு.

– சும்மா இருக்கறதை எதுக்குப் படத்துல வரைஞ்சு வச்சிருக்கான்?

– உங்களை மாதிரி ஆளுங்க ஏறட்டும்னுதான் மாமா.

– நக்கலு. ஊரார் வாயைத் திறந்து பார்க்கற டாக்டருக்கு வாய் ஜாஸ்தியாத்தான் இருக்கும். போன வாரம் ஆடினோமே, அது ஆட்டம். எத்தனை தலையோ அத்தனை புள்ளி. இதை எங்க பிடிச்சீங்க?

– ஒரு பேஷண்ட் குடுத்தார்.

– அவருக்குப் பல் வலி தீரலை போல, பழி வாங்கியிருக்கார். ஆமா, இன்னிக்கு என்னை எதுக்கு இப்படிச் சுவரைப் பார்த்து உக்கார வச்சிருக்கீங்க? எப்பவும் கூடத்தைப் பார்த்துத்தானே உக்காருவேன்?

– வெளிச்சம் மாமா. இந்தப் பக்கம் இருந்தாத்தான் படம் தெளிவாத் தெரியும்.

– என்ன ஒரு அக்கறை. சரி, இருங்க, மூஞ்சி கழுவிட்டு வர்றேன். நான் வர்றதுக்குள்ள காயை நகர்த்திடாதீங்க.

– என்னங்க, போயிட்டாரா?

– மெதுவாப் பேசு. முகம் கழுவத்தான் போயிருக்கார். உன் தங்கச்சி எங்க?

– மாடியில. பெட்டியைப் பூட்டிட்டு அதுமேலயே உக்காந்து அழுதுக்கிட்டிருக்கா. கார் தெருமுனையில நிக்குது. அப்பா மறுபடி ஆட உக்காந்ததும் இறங்கிப் பின்வாசல் வழியாப் போயிடுவா. உங்களால எவ்வளவு நேரம் இழுக்க முடியும்?

– ரயில் கிளம்புற வரைக்கும் இழுத்துத்தானே ஆகணும். இடையில அவருக்குத் தெரிஞ்சு ஸ்டேஷன்ல போய் நின்னார்னா முடிஞ்சுது.

– ஆமா. அவர் திட்டக்கூட வேண்டாம். பிளாட்பாரத்துல நின்னு "வாம்மா"ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், கப்பலாவது வேலையாவதுன்னு இறங்கி வந்துடுவா. நாளைக்கு அத்தை வந்து அவ பையனுக்குப் பேசி முடிச்சுடுவா. கப்பல் இன்ஜினைப் படிச்சுட்டு இவ ஆயுசுக்கும் அவனோட நம்ம இரும்புக்கடைக் கல்லாவுல உக்காரணும்.

– உங்க அத்தைகிட்ட வேண்டாம்னு அவர் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?

– அப்பாவா? அத்தைகிட்டயா? அவரைத் தூக்கி வளர்த்ததே அவதான். அவ எதிர்ல அவர் சத்தமா இருமிக்கூட நான் பார்த்ததில்ல. வாக்குக் குடுத்துட்டேன், வாக்குக் குடுத்துட்டேன்னு அதையே சொல்லிக்கிட்டிருப்பார். அம்மா உயிரோட இருந்தா சண்டையாவது போட்டிருப்பா. ரயில் நேரம் ஆனதும் நானே வந்து, சின்னவளுக்குத் தலைவலி விட்டுடுச்சுன்னு சொல்றேன். அதுவரைக்கும் அவரை எந்திரிக்க விடாதீங்க.

– வர்றார். நகரு.

– யாரு, மூத்தவளா? என்னம்மா குசுகுசுன்னு?

– காபி வேணுமான்னு கேக்க வந்தேன் அப்பா.

– கேக்கணுமா? மாப்பிள்ளைக்குச் சக்கரை கம்மியாப் போடு, தொழில் கௌரவம்னு ஒண்ணு இருக்குல்ல. சின்னவ எங்க?

– தலைவலின்னு படுத்திருக்கா.

– படுக்கட்டும். யாரும் போய் எழுப்பித் தொந்தரவு பண்ணாதீங்க. என் முறைதானே மாப்பிள்ளை? பீரங்கியை இந்த மாவு மில் பக்கம் திருப்பறேன்.

– மில்லுக்கும் புள்ளி கிடையாது மாமா.

– அங்க உங்க ஆளுங்க நிக்கறாங்களா இல்லையா? எதிரியைக் கண்ணெதிர்ல வச்சுக்கிட்டு, மூட்டை தூக்கற வண்டி பின்னால ஓடச் சொல்றீங்க. அது வியாபாரி புத்தி.

– நீங்க வியாபாரிதானே மாமா?

– அது மத்த நாள்ல. ஞாயித்துக்கிழமை நான் தளபதி. இதோ உருட்டறேன். ஆறு. உங்க மில் காலி.

– காலி மாமா. என்னோட முதல் வண்டி பாலத்தைத் தாண்டுது.

– தாண்டட்டும். ஏன் மாப்பிள்ளை, தூக்கிவாரிப் போட்ட மாதிரி நிமிர்றீங்க?

– இல்ல... மாடிப்படியில ஏதோ இடிச்ச மாதிரி...

– பூனையா இருக்கும். அம்மா மூத்தவளே, அந்த ரேடியோவைக் கொஞ்சம் போடு.

– ரேடியோவா அப்பா? இப்பவா?

– போடும்மா. சண்டைன்னா பின்னால ஒரு சத்தம் வேணாமா? இன்னும் சத்தமா. ம், அப்படி. எங்க விட்டோம்?

– என் ரெண்டாவது வண்டி தாண்டுற இடத்துல.

– சரி, அதுவும் போய்த் தொலையட்டும். தோப்புக்குள்ள நாலு பேர் ஒளிஞ்சிருக்காங்களே உங்க ஆளுங்க, அவங்களை ஒரு கை பார்க்கறேன்.

– மாமா, சொன்னாத் தப்பா நினைக்காதீங்க. உங்க குதிரைப்படை பாலத்துக்கு ரெண்டே கட்டம் தள்ளி நிக்குது. அதை நகர்த்தினா ஆட்டம் உங்க கையில.

– எதிரிக்கு யோசனை சொல்ற தளபதியை இன்னிக்குத்தான் பார்க்கறேன். உங்களுக்கு என்ன ஆச்சு?

– நீங்க கவனிக்கலையோன்னு... பாவமா இருந்துச்சு.

– குதிரைங்க களைச்சிருக்கும். தண்ணி காட்டணும். அங்கேயே நிக்கட்டும்.

– அப்படி ஒரு விதியே இல்ல மாமா.

– என் குதிரை மாப்பிள்ளை. களைப்பு எனக்குத் தெரியாதா? தோப்புக்கு உருட்டறேன். அஞ்சு. நாலு பேரும் அவுட்.

– காபி எடுத்துக்குங்க, பால் வர ரொம்ப நேரமாயிடுச்சு. அப்பா, உங்களுது இது. ஏங்க, சின்னவளுக்குத் தலைவலி விட்டுடுச்சு.

– விட்டுடுச்சா?

– விட்டுடுச்சுங்க. நல்லா இருக்கா.

– அதுக்கு எதுக்கு மாப்பிள்ளை உங்க கண்ணு கலங்குது?

– காபி சூடு மாமா. மூணாவது வண்டி... அதுவும் தாண்டிடுச்சு. ஆட்டம் முடிஞ்சுது. நீங்க தோத்துட்டீங்க.

– தோத்துட்டேனா. படம் பூரா என் கொடிதான் பறக்குது, ஆனா தோத்துட்டேன். ஆமா, நிஜமா நடந்த சண்டையில என்ன ஆச்சாம்?

– இதேதான் மாமா. துரத்தின தளபதி குன்றுமேல ஏறி நின்னுட்டானாம். ஓடினவங்க பாலத்தைத் தாண்டித் தப்பிச்சுட்டாங்க. அவனை மாதிரி முட்டாள் கிடையாதுன்னு எல்லாரும் எழுதி வச்சிருக்காங்க.

– எழுதினவனுக்கு என்ன தெரியும்? ஓடினவங்கள்ல அந்தத் தளபதிக்கு வேண்டியவங்க யாராவது இருந்திருப்பாங்க.

– மாமா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். உங்களை இப்படி உக்கார வச்சு... மனசு கேக்கலை.

– சொல்லாதீங்க.

– இல்ல மாமா, சின்னவ...

– சொல்லாதீங்கன்னேன். நாளைக்கு அக்கா வந்து என் மூஞ்சியைப் பார்த்து, தம்பி, உனக்குத் தெரியுமாடான்னு கேப்பா. அவகிட்ட நான் இதுவரைக்கும் பொய் சொன்னதில்ல. நானா அனுப்பி வச்சா, நான் வாக்குத் தவறினவன். பெத்த பொண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஏமாத்தினா, என் தம்பி பாவம்னு அவளே வந்து கண்ணைத் துடைச்சு விடுவா. ஏமாளியா இருந்துட்டுப் போறேன், எனக்கு ஒண்ணும் குறைஞ்சுடாது.

– அப்பா, அப்ப உங்களுக்கு...

– எனக்கு என்னம்மா தெரியும்? நான் சுவரைப் பார்த்து உக்காந்திருக்கறவன். மாப்பிள்ளை, காயை எல்லாம் மறுபடி அடுக்குங்க.

– இன்னொரு ஆட்டமா மாமா?

– அந்த ரயில் என்னிக்கு நேரத்துக்குக் கிளம்பியிருக்கு? இன்னும் பிளாட்பாரத்துலதான் நின்னுக்கிட்டிருக்கும். இப்ப என்னை இங்கேயிருந்து எந்திரிக்க விட்டீங்கன்னா, நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே நம்பிக்கை இல்ல. அடுக்குங்க. இந்தத் தடவையும் நானே துரத்தறேன்.

– அப்பா, உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்காமப் போறேனேன்னுதான் அவ அவ்வளவு அழுதா.

– நேத்து மாடியில ஒரு பெட்டியோட சக்கரம் கிறீச் கிறீச்னு வீட்டையே எழுப்பிக்கிட்டிருந்துச்சும்மா. கடையிலேருந்து எண்ணெய் கொண்டு வந்து நாலு சக்கரத்துக்கும் விட்டேன், யார் பெட்டி, எங்க கிளம்புதுன்னு நான் கேக்கல.