அந்தக் கலரைப் போட்டவ

ஆடாதீங்க மேடம், கண்ணுக்குக் கீழ மேக்கப் போட்டுட்டிருக்கேன். விவாதம் ஆரம்பிக்க இன்னும் நேரம் இருக்கு, அவசரப்படாதீங்க.

என்ன, கொஞ்சம் பளிச்சுன்னா? போட்டுடலாமே. நிறத்தை வெச்சுக் கேலி பண்ணக் கூடாதுன்னு பேச வர்றவங்க எல்லாருமே இந்த நாற்காலியில உக்காந்ததும் இதைத்தான் கேக்கறாங்க. ஐயோ, கோச்சுக்காதீங்க. லைட்டு அப்படி, வேற ஒண்ணுமில்ல.

யாரு, அந்த மேக்கப் போட்டவளா? தெரியும் மேடம், நல்லாவே தெரியும். காமெடி ஸ்டாருக்கு வேலைக்காரி வேஷம் கட்டி, மூஞ்சி முழுக்கக் கறுப்பா அப்பினவ. இனவெறி பிடிச்சவன்னு உங்க கட்சி அறிக்கையிலயே போட்டிருந்தீங்களே. கேன்டீன் டிவியில அதை வாசிச்சப்ப நாங்க எல்லாரும் சாப்பிட்டுட்டிருந்தோம்.

அது அசிங்கமான நிகழ்ச்சிதான், நான் இல்லேன்னே சொல்லலை. கரிக்கட்டைன்னு அந்த வேலைக்காரிக்குப் பேரு. அவர் பல்லைக் காட்டினாலே போதும், உக்காந்திருக்கவங்க உருண்டு உருண்டு சிரிப்பாங்க. ரெண்டு வருஷம் வாராவாரம் சிரிச்சாங்க. நீங்களும் ஒரு தடவை முன்வரிசையில உக்காந்து கண்ணுல தண்ணி வர சிரிச்சீங்க, நான்தான் டிஷ்யூ கொண்டாந்து குடுத்தேன். அப்ப அவர் உங்க கட்சிக்கு ஓட்டுக் கேட்டுட்டிருந்தார். போன மாசம் உங்க எதிர்க்கட்சி மேடையில ஏறினார் பாருங்க, மறுநாளே உங்களுக்கெல்லாம் மனசு புண்ணாயிடுச்சு. அவங்க மட்டும் என்ன யோக்கியமா? அதுவரைக்கும் அவரைக் கிழி கிழின்னு கிழிச்சவங்க, இப்ப கலையைக் கலையாப் பாருங்கங்கறாங்க.

உதட்டை மூடுங்க, லிப்ஸ்டிக்.

அவ என்ன பண்ணுவா மேடம்? மொத நாள் அவ போட்டது சாதாரண மாநிறம். டைரக்டருக்குப் பத்தலை. இன்னும் கறுப்பு, இன்னும் கறுப்புன்னு நின்னார். எவ்வளவுன்னு கேட்டா அந்த மனுஷனுக்குச் சொல்லத் தெரியலை. சட்டுனு அவ கையைப் பிடிச்சு இழுத்து ஸ்டார் கன்னத்துல ஒட்டி வெச்சு, இதோ, இந்தக் கலர்தான் வேணும்னார். ஃப்ளோர்ல அத்தனை பேரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. வேலை வேணுமே. அப்புறம் வாராவாரம் அதே கதைதான், அவ கையைப் பக்கத்துல நீட்டச் சொல்லித்தான் கேமராமேன் கலர் சரி பார்ப்பார்.

அவ பொண்ணு ஸ்கூலுக்குப் போக மாட்டேன்னு ஒரே அழுகை. அங்க அதுக்குக் கரிக்கட்டைன்னுதான் பேரு. அந்தக் கலரைக் கலக்கறது அம்மாதான்னு அதுக்கு இன்னும் தெரியாது.

இல்லையே, அவகிட்ட யாரும் கேக்கலை. உங்க ஆளுங்க ஒருத்தராவது போன் பண்ணி, அம்மா நீ யாரு, என்ன நடந்துச்சுன்னு கேட்டிருக்கலாம். கேக்கலை. ஸ்டார் வருத்தம்னு ஒரு வரி போட்டுட்டுப் பிரசாரத்துக்குப் போயிட்டார். அந்த டைரக்டர்தான் இன்னைக்கு உங்க விவாதத்தையும் டைரக்ட் பண்றார், உள்ள போனா கை குடுப்பார் பாருங்க. மேக்கப் போட்டவளை மட்டும் வேலையை விட்டுத் தூக்கிட்டாங்க. எங்க போராட்டத்துக்குக் கிடைச்ச வெற்றின்னு அதைத்தானே சொல்லப் போறீங்க? சொல்லுங்க, நல்லாக் கை தட்டுவாங்க.

அவ்வளவுதான், முடிஞ்சுது. இருங்க, கழுத்துல திட்டாத் தெரியுது. என் ஸ்லீவ் உங்க சேலையில படுது, மடிச்சு விட்டுக்கறேன்.

என்ன மேடம், கையையே பாக்கறீங்க? ஆமா, இதே கலர்தான். இன்னைக்குத்தான் எனக்குக் கடைசி நாள், உங்க முகத்தோட இங்க என் கணக்கு முடியுது. எந்திரிங்க, உள்ள கூப்பிடறாங்க.