எதிர்வீட்டுச் சத்தம்

மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் கண்ணயர்வது எங்கள் அலெக்சாந்திரியாவில் குற்றமில்லை. முப்பது வருடம் பூகோளம் சொல்லிக்கொடுத்தவன் நான். எனக்கு அந்த உரிமைகூட இல்லையா?

எதிர்வீட்டு லுத்ஃபிக்குப் போன வருடம் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. குவைத்தில் இருக்கும் மகன் பெரிய ஸ்பீக்கர் செட் அனுப்பினான். லுத்ஃபி படுத்தபடியே ரிமோட்டை அமுக்குவார்; நாள் முழுக்கப் பாட்டு. எங்கள் சந்தோ, கையை நீட்டினால் எதிர் பால்கனி தட்டுகிற அகலம். அவர் மனைவி தவ்ஹீதா கீழே இஸ்திரிக் கடை வைத்திருக்கிறாள். அவளிடம் முறையிட்டேன்.

"விட்டா கடலையும் வாயை மூடச் சொல்லுவீங்க வாத்தியாரே. அந்த மனுஷனுக்கு இப்ப அதுதான் வாய். ஏதாவது ஒண்ணுன்னா சத்தத்தைக் கூட்டுவாரு, நான் மேலே ஓடுவேன். தெரியுதா?"

தெரிந்தது. நான் செவிடனில்லை.

சந்தையில் எல்லா செட்டுக்கும் பொருந்துகிற ரிமோட் ஒன்று வாங்கினேன். பால்கனியில் உட்கார்ந்து அதன் எண்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். இரண்டாம் நாள் அவர் செட் பெட்டிப்பாம்பாக அடங்கியது. அதன்பின் தினமும் மதியம் கொஞ்சம் குறைப்பேன், அவ்வளவுதான். லுத்ஃபி தன் ரிமோட்டைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். தவ்ஹீதா பேட்டரி மாற்றிக் கொடுத்தாள், பாவம்.

அந்த வியாழக்கிழமை மீன்சோறு சாப்பிட்டுப் படுத்திருந்தேன். சத்தம் திடீரென்று ஏறியது. எழுந்து பால்கனிக்கு வந்து குறைத்தேன். மறுபடி ஏறியது, மறுபடி குறைத்தேன். இப்படி ஏழு முறை. நேருக்கு நேர் நீட்டினால்தான் ரிமோட் வேலை செய்யும், அதனால் அவர் சன்னலைப் பார்த்தே நின்றேன். ஒரு கையால் நெஞ்சைப் பிடித்திருந்தார். என்னையும் பார்த்தார். எட்டாம் முறை சத்தம் ஏறவில்லை. கீழே தவ்ஹீதா தேய்த்துக்கொண்டே இருந்தாள். நான் போய்ப் படுத்து நன்றாகத் தூங்கினேன்.

கொலை என்று எழுதுகிறீர்களா, எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. தெரிந்துதான் செய்தேன். வருத்தமில்லை.

ஆனால் கல்நெஞ்சன் என்கிறாளே தவ்ஹீதா, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. துக்க வீட்டில் வழக்கப்படி மூன்று நாள் அதே செட்டில் குர்ஆன் ஓதல் வைத்தார்கள். மதியத்திலும் சந்தே அதிர்ந்தது. நான் ரிமோட்டைத் தொடவே இல்லை. நான்காம் நாள் அவருக்குப் பிடித்த பாட்டைப் போட்டாள். அப்போதுதான் குறைத்தேன். அவள் நிமிர்ந்து என் கையைப் பார்த்தாள்.

துக்கத்துக்கு மூன்று நாள்தானே கணக்கு, ஐயா?