பொய் வராத வாய்

தாளின் மேலே நீங்கள் எழுதியிருக்கிற தேதி தவறு, சார். இன்று பதினாறு. பதினைந்து என்று போட்டிருக்கிறீர்கள். அடித்துவிட்டுப் பக்கத்தில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். சின்ன விஷயம்தான். ஆனால் என்னைப் பற்றி ஸ்டேஷனில் எழுதப்போகிற தாளில் முதல் வரியே பொய்யாக இருப்பதை என்னால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது.

நான் இருபத்திரண்டு வருடமாக முத்திரை ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதிப்பேன். சரியாக இருந்தால் அந்த வருடத்துக்கான முத்திரையைக் குத்துவேன். இல்லாவிட்டால் தராசைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். என் பெட்டியில் இருக்கிற எடைக்கற்களை வெறும் கையால் தொடமாட்டேன். விரல் பிசுக்கு ஒட்டினால்கூட எடை மாறும். அலுவலகத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

தட்டுக்கு அடியில் மெழுகு ஒட்டியவன், காந்தம் வைத்தவன், குடும்பத்தை விசாரித்துக்கொண்டே சுண்டுவிரலால் அழுத்துகிறவன், எல்லாரையும் பார்த்தாகிவிட்டது. அவர்களில் பாதிப் பேரை ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஆலயத்தில் கண்ணை மூடி, கையைத் தூக்கி, கன்னத்தில் நீர் வழியப் பார்க்கிற பாக்கியமும் எனக்கு உண்டு. அவர்களுக்குப் பாவம் என்பது தாங்கள் செய்யாதது. கொலை பாவம், ஏனென்றால் கொலை செய்ய அவர்களுக்குத் தைரியம் கிடையாது. தாங்கள் தினமும் செய்கிறதற்கு மட்டும் பலவீனம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாரம் முழுவதும் பலவீனப்பட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம் மன்னிப்பு வாங்கிக்கொண்டு போவார்கள்.

நான் பொய் சொல்வதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, பழக்கம் அப்படி. வாசலில் யாராவது வந்து கேட்டால் என் மனைவி ‘அவர் இல்லையே’ என்பாள். நான் உள்ளே இருந்து ‘இருக்கேன்’ என்று குரல் கொடுப்பேன். மகள் படம் வரைந்துகொண்டு வந்து நன்றாக இருக்கிறதா என்று கேட்டால், இல்லை என்றால் இல்லை என்பேன். இப்போது அவள் வரைவதில்லை. ஒருமுறை ஒரு சாவு வீட்டில் ஆளாளுக்கு ‘தங்கமான மனுசன்’ என்று அழுதார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். குடித்துக் குடித்தே செத்தார் என்றேன். அதற்குப் பிறகு சாவு வீடுகளில் என்னைப் பேசச் சொல்வதில்லை. ஆனால் சபையில் என்னை மூப்பராக வைத்திருக்கிறார்கள். நூறு பேர் வளைந்து நின்றால் நிமிர்ந்து நிற்க ஒருவன் வேண்டுமே, காட்டுவதற்காவது.

பழக்கடைக்காரரைப் பற்றிக் கேட்டீர்கள். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு கிராம்கூடத் தப்பில்லாத தராசு நான் பார்த்தது அவர் கடையில் மட்டும்தான். அழுகிய பழத்தைக் கூடையின் அடியில் ஒளித்து வைக்கமாட்டார். ஆலயத்துக்கு வரமாட்டார். மனைவியை அடிப்பார், அது தெருவுக்கே தெரியும். அதை யாரிடமும் அவர் மறைக்கவும் இல்லை. மறைத்தது அவர் மனைவி.

அவள் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்துத் தைக்கிறவள். குட்டியான உருவம், சிட்டு என்று கூப்பிடுவார்கள். சபைக்கு வர ஆரம்பித்து இரண்டு வருடம் இருக்கும். பாடகர் குழுவின் அங்கிகளை எல்லாம் அவள்தான் தைத்தாள். முதல் தடவை கண் வீங்கி வந்தபோது குளியலறையில் வழுக்கிவிட்டது என்றாள். இரண்டாவது தடவையும் குளியலறை. மூன்றாவது தடவை மாடிப்படி என்றாள். அவர்கள் வீட்டில் மாடியே கிடையாது. போதகரம்மா அவள் தோளில் கை போட்டுக்கொண்டு ‘பாத்து நடம்மா’ என்றார். இரண்டு பேருக்கும் உண்மை தெரியும். ஆலயத்துக்குள்ளேயே நின்றுகொண்டு இரண்டு பேரும் நடிக்கிறார்கள். எனக்கு அந்த வீங்கின கண்ணைவிட இதுதான் அருவருப்பாக இருந்தது.

திங்கட்கிழமை அவள் உடைந்த இடது கையோடு வந்தாள். இந்த முறை வழுக்கிவிழவில்லை. இனிமேல் அந்த வீட்டுக்குப் போனால் அவன் கொன்றுவிடுவான் என்றாள். அவளுடைய அக்கா வேறு ஊரில் இருக்கிறாள். அவளுக்குத் தகவல் சொல்லி, வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் ஏற்றி அனுப்புவது என்று முடிவாயிற்று. அதுவரைக்கும் ஆலயத்தின் மாடி அறையில் வைத்திருப்பது. அந்த அறையில் உடைந்த நாற்காலிகளும் பழைய பாட்டுப் புத்தகங்களும்தான் கிடக்கும். உள்தாழ்ப்பாள் வேலை செய்யாது, வெளியிலிருந்துதான் பூட்டலாம். பூட்டியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறதாக யாருக்கும் தோன்றாது என்று அவளே பூட்டச் சொன்னாள்.

அன்று சாயங்காலம் போதகர், போதகரம்மா, மூப்பர்கள் எல்லாரும் உட்கார்ந்து, கடைக்காரர் வந்து கேட்டால் என்ன பொய் சொல்வது என்று ஒத்திகை பார்த்தார்கள். ஆமாம், ஜெபித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள். ‘இங்க வரல, நாங்க பாக்கல’ என்று எல்லாரும் ஒரே மாதிரி சொல்லவேண்டும். பிறகு என்னைப் பார்த்தார்கள். கேட்டால் சொல்லிவிடுவேன் என்றேன். சிரித்துவிட்டார்கள். போதகரம்மா மட்டும் சிரிக்காமல் சொன்னார்.

“அண்ணன் வாயில பொய் வராது. அதனால அண்ணன் அவன் கண்ணுல படாம இருந்தா போதும். சாவி அண்ணன்கிட்டயே இருக்கட்டும். இங்க இருக்கிறதுலயே நம்பக்கூடிய ஆள் அவர்தான்.”

அவர்கள் புத்தியைப் பாருங்கள். பொய் சொல்லாதவன் காட்டியும் கொடுக்கமாட்டான் என்று அவர்களாகவே முடிவுகட்டிக்கொண்டார்கள். இருந்தது ஒரே ஒரு சாவி. அதைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்கள்.

செவ்வாய்க்கிழமை கடைக்காரர் ஆலயத்துக்கு வந்தார். போதகர் அவருக்குத் தேநீர் கொடுத்து, எதிரில் உட்கார்ந்து, பார்க்கவே இல்லை என்று சொன்னாராம். கூடவே அவருக்காக ஜெபமும் பண்ணினாராம். இதை அன்று இரவு என்னிடம் சொல்லும்போது போதகர் முகத்தில் ஒரு களை இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தைரியமாக ஒரு காரியம் செய்தவர் முகம் அப்படித்தான் இருக்கும்போல.

என் அலுவலகம் ஆலயத்துக்குப் பக்கத்துத் தெரு. மதியச் சாப்பாட்டை என் மனைவி கட்டிக்கொடுப்பாள், நான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு வருவேன். செவ்வாயும் புதனும் சிட்டு அதிகம் பேசவில்லை. வியாழக்கிழமை பேசினாள்.

அவள் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தாள் என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். ஒரு கெடுதலும் செய்யவில்லை. நன்றி சொன்னாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதற்கு மூன்று வாரம் முன்புதான் என் அண்ணன் விபத்தில் போயிருந்தான். அம்மாவிடம் சொல்லவில்லை. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை விட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்கு லீவு இல்லை, அண்ணனுக்குக் காய்ச்சல். நான் எதிலும் சேரவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தேன். கடைசி நாள் காலையில் அம்மா எல்லாரையும் விட்டுவிட்டு என்னைக் கேட்டார். ஏன் என்னைக் கேட்டார் என்பது எனக்குத் தெரியும். நான் உள்ளதைச் சொல்வேன் என்று அவருக்குத் தெரியும்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு கிழவி கிடந்தாள். நடுவில் துணித் திரை. அந்தப் பக்கம் துணைக்கு உட்கார்ந்திருந்த மருமகள் இந்தச் சிட்டு. எனக்கு அவள் முகமே ஞாபகம் இல்லை.

“பெரியவன் வரலையாடான்னு உங்கம்மா கேட்டாங்க,” என்றாள் வியாழக்கிழமை மாடி அறையில். “நீங்க அவங்க நெத்தியில கை வெச்சு, கிளம்பிட்டான்மா, வந்துட்டே இருக்கான், நீ தூங்குன்னு சொன்னீங்க. அவங்க சிரிச்சாங்க அண்ணே. சிரிச்சிக்கிட்டேதான் போனாங்க. அப்புறம் நீங்க வராந்தாவுல போய் சுவத்துல தலைய முட்டிக்கிட்டு அழுதீங்க. உங்க அண்ணன் இல்லைங்கிறதே அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது.”

நான் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தேன்.

“இப்படி ஒரு மனுசன் போற கோயிலுக்கு நாமளும் போகணும்னு தோணிச்சு. விசாரிச்சுக்கிட்டு வந்தேன். நான் ஆண்டவர்கிட்ட வந்ததே அந்த ஒரு பொய்யாலதான். யார்கிட்டயும் சொன்னதில்ல. நாளைக்குப் போயிடுவேன். இன்னைக்கு ராத்திரி உக்காந்து சாட்சியா எழுதி வெச்சுட்டுப் போறேன், ஞாயித்துக்கிழமை போதகரம்மா வாசிக்கட்டும். உங்களைப் பத்தி எல்லாருக்கும் தெரியணும்.”

எனக்குக் கோபம் வந்தது, சார். அவமானமாக இருந்தது. இருபத்திரண்டு வருடம் மெழுகு ஒட்டினவனையும் காந்தம் வைத்தவனையும் நிமிர்ந்து பார்த்துப் பேசியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து இதைக் கேட்பார்கள். கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். வெளியே வரும்போது என் கையைப் பிடித்து, நீங்களும் எங்களில் ஒருவர்தான் அண்ணே என்று சந்தோஷப்படுவார்கள். என்னை மன்னிப்பார்கள். அந்தக் கூட்டம் என்னை மன்னிப்பதை நினைத்துப் பாருங்கள். அன்று ஆஸ்பத்திரியில் மூன்று நாள் தூக்கமில்லாமல் இருந்தேன். அந்த வார்த்தைகள் என் வாயிலிருந்து வந்தன, அவ்வளவுதான். நான் சொன்னதாக அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது.

எழுத வேண்டாம் என்று சொன்னேன். அவள் சிரித்தாள். உங்களுக்கு அடக்கம் ஜாஸ்தி அண்ணே என்றாள். கதவைப் பூட்டினேன். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.

அங்கிருந்து நேராகப் பழக்கடைக்குப் போனேன். தராசைச் சோதிக்க. ஆமாம், என் சோதனைப் பதிவேடு உங்கள் மேசையில்தான் இருக்கிறது. அந்தத் தராசுக்கு நான் முத்திரை குத்தி மூன்று மாதம்தான் ஆகிறது. ஆனால் எந்தக் கடையிலும் எப்போது வேண்டுமானாலும் நுழைந்து சோதிக்க எனக்கு அதிகாரம் உண்டு. விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் எழுந்து நாற்காலி போட்டார். சவரம் செய்யாத முகம், கண் சிவந்திருந்தது. பழம் வெட்டுகிற கத்தியைத் துணியால் துடைத்து ஓரமாக வைத்தார். நான் பெட்டியைத் திறந்து, ஒரு கிலோ வைத்தேன், அரைக் கிலோ வைத்தேன், நூறு கிராம் வைத்தேன். எல்லாம் அச்சுப் பிசகாமல் இருந்தது.

கேட்டார், சொன்னேன் என்று காலையில் உங்களிடம் சொன்னேன். அதில் மாற்றம் இல்லை. என்ன கேட்டார் என்று நீங்கள்தான் அப்போது விசாரிக்கவில்லை. இப்போது விசாரிப்பதால் சொல்கிறேன். தராசு சரியா இருக்கா சார் என்று கேட்டார். சரியாக இருக்கிறது என்று சொன்னேன். மனைவியைப் பற்றி அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் சொன்னேன். ஆலயத்தின் பின்பக்கப் படி, மாடியில் முதல் கதவு. சாவியை எடுத்துத் தட்டில் வைத்தேன். நாற்பத்திரண்டு கிராம் காட்டியது.

அவர் சாவியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். ஏன் சார் என்றார். உண்மையை மறைப்பது பாவம் என்றேன். அவருக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டதை நான் பார்த்தேனா என்று கேட்கிறீர்கள். பார்த்தேன்.

அவளைக் குத்தியது நான் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பாவம் செய்தவர் கடைக்காரர், பொய் சொன்னவர்கள் போதகரும் மற்றவர்களும். நேற்று அடக்க ஆராதனையில் முழுச் சபையும் தரையில் விழுந்து அழுததாம். திங்கட்கிழமையே அவளை அக்கா வீட்டுக்கு அனுப்பியிருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. நாலு நாள் எதற்கு? பஸ் தினமும்தான் போகிறது.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. போதகரம்மா உங்களிடம் சொல்லியிருப்பார், இருந்தாலும் நானும் சொல்லிவிடுகிறேன். நான் அலுவலகத்துக்குத் திரும்பி வந்து கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவர் போன் செய்தார். ஊருக்கு வெளியே யாரோ நோயாளியைப் பார்க்கப் போன இடத்திலிருந்து பேசினார். கடைக்காரர் கடையைப் பாதியில் போட்டுவிட்டு ஆலயம் இருக்கிற தெருப் பக்கம் நடந்து போவதை யாரோ பார்த்தார்களாம். போலீசைக் கூப்பிடட்டுமா என்று கேட்டார்.

“கதவப் பூட்டிட்டுத்தானே அண்ணே வந்தீங்க?”

“பூட்டிட்டுத்தான் வந்தேன். இழுத்தும் பாத்தேன்.”

“அப்பாடா. நீங்க சொன்னா எனக்கு அது போதும்,” என்று சொல்லி வைத்துவிட்டார். போலீசைக் கூப்பிடவில்லை.

நான் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் கிடையாது. கதவு பூட்டித்தான் இருந்தது. சாவி யாரிடம் இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை.