மெல்லிய குரலுக்கு மட்டும்

நான் பூனை வளர்த்ததில்லை. ஆனாலும் ஊர்ப் பூனைகளெல்லாம் என் பட்டறை ஆம்ப்ளிஃபயர் மேல்தான் தூங்கும். அது ஏ வகுப்பு. பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் மின்னோட்டம் பாய்ந்துகொண்டே இருக்கும்படி பயாஸ், அதாவது காத்திருப்பு மின்னோட்டம், வைத்தது. பானை ஏற்றாத அடுப்பு நாள் முழுக்க எரிகிற கதை. அந்தச் சூட்டில் சட்டைக்கு இஸ்திரியே போட்டிருக்கிறேன், சத்தியமாக.

பி வகுப்பில் பயாஸ் பூஜ்யம். அலையின் மேல்பாதியை ஒரு டிரான்சிஸ்டர் சுமக்கும், கீழ்ப்பாதியை இன்னொன்று. கைமாற்றும் இடத்தில் இரண்டும் கண்ணயர்ந்துவிடும். உரத்த பாட்டில் அது தெரியாது. மெல்லிய குரல்தான் கரகரக்கும். கண்ணயராமலிருக்க இரண்டுக்கும் துளி மின்னோட்டம் கொடுத்தால் ஏபி. எங்கள் கூடத்தில் இருந்தது ஏபி. பிக்கும் ஏபிக்கும் ஒரு சின்னத் திருகுதான் வித்தியாசம்.

என் மனைவியின் குரல் மெல்லியது. அவள் பாடினால் எறும்பு வரிசை நின்று கேட்டுவிட்டுப் போகும்.

அவள் அண்ணன் பாட்டுக்குழு நடத்தினார். ஈராண்டுப் பயணத்துக்கு அவளை அழைத்துப்போக நினைத்தார். பாசம் காதை அடைத்துவிடுமாம். அதனால் தங்கையை நேரில் பாடச் சொல்லாமல், அவளது ஒலிப்பதிவை எங்கள் கூடத்தில் போட்டுக் கேட்டார். அன்று காலையில் நான் அந்தத் திருகைத் திருப்பி பயாஸைப் பூஜ்யத்துக்கு இறக்கியிருந்தேன்.

“என்னம்மா, தொண்டைல மணல் லாரியைக் கவுத்துட்டியா?”

“பாடறப்ப நல்லாத்தானேண்ணா இருந்துச்சு...”

“ஏன் மாப்ள, மெஷின் சரியா இருக்கா?”

“மெஷின் பொய் சொல்லாது மச்சான். எனக்குப் போன வாரமே தெரியும். மனசு நோகுமேன்னு இவகிட்ட சொல்லல.”

அவர் தனியாகப் புறப்பட்டார். நான் அவளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். வைத்தியரிடம் கூட்டிப்போனேன். தொண்டையில் ஒன்றுமில்லை என்று அவர் சொன்னதும் அவள் என் முகத்தைப் பார்த்தாள். “அந்த வைத்தியருக்குக் காது பத்தாது, விடு” என்றேன். பாட்டுக் கேட்டால் வேதனைப்படுவாள் என்று கூடத்து ஆம்ப்ளிஃபயரைப் பரணில் ஏற்றினேன்.

அதற்குப்பின் துணி காயப்போடும்போதுகூட அவள் முணுமுணுத்ததில்லை. பேச்சும் மெல்ல மெல்லக் குறைந்தது. பதினொரு வருடம். போன மாதம் போய்ச் சேர்ந்தாள்.

நேற்றுத் திருகைச் சரிசெய்து அந்தப் பதிவைப் போட்டேன். ஒரு பிசிறு இல்லை. முழுவதையும் கேட்க முடியவில்லை.

செய்தவன் நான்தான். ஆனால் ஒன்று: அந்தப் பதினொரு வருடமும் அவளை ஒருநாள்கூடத் தனியே தவிக்கவிட்டதில்லை.