நீல ரோபோவும் அவொமோரி போனும்

தெத்சுயா: ஏய், எட்டிப் பாக்காத. அந்தப் பக்கம் போய் உட்காரு.

சயோகோ: கேம் மிஷின் ரெண்டும் முதுகோட முதுகு ஒட்டி நிக்குதே... உங்க மூஞ்சியே தெரியல.

தெத்சுயா: அதான் முறை. இருபத்தஞ்சு வருஷம் முன்னாடி இந்த வீடியோ கேம் கடையில யாரும் எதிராளி மூஞ்சியப் பாக்க மாட்டாங்க. தோத்தா பேசாம எந்திரிச்சுப் போயிடணும்.

சயோகோ: பொண்டாட்டி மூஞ்சியக் கூடவா?

தெத்சுயா: முக்கியமா அதை. பந்தயம் ஞாபகம் இருக்குல்ல?

சயோகோ: இருக்கு. தோத்தவங்க அவொமோரியில இருக்குற உங்கம்மாவுக்குப் போன் போட்டு, புத்தாண்டுக்கு ஊருக்கு வரலைன்னு சொல்லணும். போன வருஷம் அங்க நண்டு உரிச்ச விரல் இன்னும் வலிக்குதுங்க.

தெத்சுயா: சரி சரி. எந்த ரோபோ வேணா எடு. அந்த நீலம் மட்டும் வேணாம்.

சயோகோ: ஏனாம்?

தெத்சுயா: அப்பல்லாம் சனிக்கிழமை தவறாம ஒரு பய அதோட வருவான். ஆட்டத்துல தூணுக்குப் பின்னாடி பதுங்கி, எகிறி இடது காலால ஒரு உதை... என் பத்து மாடி உயர ரோபோ குப்புற விழும். பாவி, ஒரு நாள் காணாமப் போயிட்டான். பழி தீர்க்கவே முடியல.

சயோகோ: அச்சச்சோ... கை பட்டு நீலமே வந்துருச்சே.

தெத்சுயா: விடு, உனக்கு என்ன தெரியப் போகுது. இடது கம்பி நடக்க, வலது கம்பி...

சயோகோ: ம்ம்.

தெத்சுயா: மெதுவா நட, பயப்படாத... எங்க போன? தூணுக்குப் பின்னாடி ஏன் போற?

சயோகோ: சும்மா... நிழலா இருந்துச்சு.

தெத்சுயா: ஏய்... ஏய், அந்தக் கால்...

சயோகோ: விழுந்துட்டீங்களா?

தெத்சுயா: ...சயோகோ.

சயோகோ: எட்டிப் பாக்காதீங்க. முறை இல்ல.

தெத்சுயா: அது நீயா? இத்தனை வருஷமா உன் முன்னாடியே திட்டினேனே.

சயோகோ: சோறு போடும்போதெல்லாம் கேட்டேன்.

தெத்சுயா: அப்ப ஏன் இங்க வர்றத நிறுத்தின?

சயோகோ: முதல் தடவ டீ குடிக்கக் கூட்டிட்டுப் போனப்ப என்ன சொன்னீங்க? அந்த நீலத்தைப் பாத்தா கழுத்த நெரிப்பேன்னீங்க. எனக்கு உங்களைப் பிடிச்சுப் போச்சு. ஆட்டத்தை விட்டுட்டேன். பய எங்கயும் போகல, பக்கத்துலயே படுத்து உங்க குறட்டையக் கேட்டுக்கிட்டு இருந்தான். சரி, போனை எடுங்க. அம்மாகிட்ட மரியாதையாப் பேசுங்க.

தெத்சுயா: அது வந்து... நீ தோத்துடுவ, அம்மாகிட்ட சொல்ல உனக்கு வாய் வராது, பேசாம என்னோட ஊருக்குக் கிளம்பிடுவன்னு நெனச்சேன்...

சயோகோ: நெனச்சு?

தெத்சுயா: போன வாரமே முப்பதாம் தேதி அவொமோரி ரயிலுக்கு ரெண்டு டிக்கெட் எடுத்துட்டேன். அம்மா எட்டு நண்டு சொல்லி வச்சிருக்காங்க... நீ இந்தப் பக்கம் வராத, மூஞ்சியப் பாக்கக் கூடாது, அதான் முறை.